கோபுரத்துக்கு இந்தப் பக்கம்

திருவண்ணாமலையைப் படம் எடுத்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. மலை இருக்கு, கோபுரம் இருக்கு, சாமியாருங்க இருக்காங்க. கேமராக்காரனுக்கு வேறென்ன வேணும்? 1946-இல் வெல்லிங் எடுத்த ரமணர் முகம் இன்றைக்கும் செங்கம் ரோட்டில் கடைக்குக் கடை தொங்குகிறது. 1949-இல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை வந்து படம் பிடித்துப் போனது. 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் வந்தார். காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னால் அவரைச் சந்தித்துப் படம் எடுத்த அதே பிரெஞ்சுக்காரர்தான். ரமணர் இறந்த ராத்திரி, 8 மணி 47 நிமிஷத்துக்கு, மலைப் பக்கமாக ஒரு எரிநட்சத்திரம் நகர்ந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அந்த ராத்திரி 1950 ஏப்ரல் 14. ஏப்ரல் 14 என்றால் நமக்கு வேறு கணக்கு. அன்றைக்கு அம்பேத்கருக்கு 59 வயசு முடிந்தது. டெல்லியில் அவர் சட்ட மந்திரி. தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லும் 17-ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்து 78 நாள் ஆகியிருந்தது. உலகத்தில் பேர்பெற்ற கேமரா ஒன்று எங்க ஊர்ல இருந்த நாள் அது. அந்தச் சமயத்துப் படங்கள் என்று உலகம் பார்த்தது ஆசிரமத்தையும் கூட்டத்தையும். ஆசிரமத்திலிருந்து எங்க தெருவுக்கு அன்றைக்கு நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

நான் குறை சொல்ல இதை எழுதலை. ஒரு தெருவைத் தேடின கதையைச் சொல்லத்தான் எழுதறேன். அந்தத் தெரு இப்போ அங்கே இல்லை.

* * *

பழைய படங்களை நான் மூணு கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் இந்தப் பிரிவு பொருந்தும். நீங்களும் உங்க ஊர்ப் படங்களைப் பிரிச்சுப் பாருங்க.

முதல் கட்டு கோயில், மலை, குளம், தேர். இதுல இடத்துக்குச் சந்தேகமே வராது. ராஜகோபுரம்னா ராஜகோபுரம்தான். ஆனா ஆள் இருக்க மாட்டான். இருந்தாலும் தூணுக்குப் பக்கத்தில், தூண் எவ்வளவு உசரம் என்று காட்ட நிறுத்தின ஆளாக இருப்பான். அளவுகோல். 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும் வரைக்கும் அந்த மதிலுக்கு உள்ளே எடுத்த படங்களில் நம்ம ஜனங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சட்டம் வந்தாலும் எல்லா இடத்துக்கும் உடனே வந்துவிடவில்லை. இதே மாவட்டத்தில் தென்முடியனூர் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30-இல். கலெக்டரும் போலீஸும் கூட வர வேண்டியிருந்தது.

ரெண்டாவது கட்டு சாதிப் படங்கள். 1868-இலிருந்து 1875 வரைக்கும் வெள்ளைக்கார சர்க்கார் 'இந்திய மக்கள்' என்று எட்டு வால்யூம் போட்டது. சென்னை மியூசியத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் போட்டார். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், நிறுத்திப் படமும் எடுத்தார். படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பேர்தான். எந்த ஊரு, எந்தத் தெரு, அவன் பேரென்ன, அவன் பெண்டாட்டி பேரென்ன, ஒண்ணும் கிடையாது. 1876-78 பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாக நின்றவர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்த படங்கள் உலகம் முழுக்கத் தெரியும். உட்கார்ந்தவங்க பேரு ஒருத்தருக்கும் தெரியாது.

மூணாவது கட்டு மிஷன் படங்கள். 1860-களில் தென்னாற்காட்டுப் பக்கம் வந்த டென்மார்க் மிஷன்காரர்கள் மெல்ல திருவண்ணாமலை வரைக்கும் பள்ளிக்கூடம், போர்டிங் என்று பரவினார்கள். இன்றைக்கும் ஊருக்குள் டேனிஷ் மிஷன் ஸ்கூல் என்றால் தெரியாதவர் இல்லை. சாரோன் என்ற பேரில் ஒரு பகுதியே இருக்கிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வந்ததுதான். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஜனங்க. அதனால இந்தப் படங்களில் நாம இருக்கோம். குடிசை இருக்கு, கிணறு இருக்கு, மொட்டை அடிச்ச பிள்ளைங்க இருக்காங்க. டென்மார்க்கில் டான்மிஷன் என்ற பேரில் இருக்கிற அமைப்பு தன்னுடைய பழைய படங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. எங்கிருந்தும் பார்க்கலாம். ஆனா இந்த மாதிரிக் கட்டுகளில் நடுவுல உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரம்மாவுக்குப் பேர் இருக்கும், சுத்தி நிக்கிற நாப்பது பேருக்குச் சேர்த்து ஊர்ப்பேர் ஒண்ணு இருக்கும். அவ்வளவுதான் நம்ம பங்கு.

ஆக, முதல் கட்டில் இடம் இருக்கிறது, ஆள் இல்லை. ரெண்டாவதில் ஆள் இருக்கிறான், இடம் இல்லை. மூணாவதில் ரெண்டும் இருக்கு, பேரு இல்லை.

நாலாவதா நம்ம வூட்டுப் படங்கள்னு ஒரு கட்டு இருக்கணும். இல்லை. எங்க ஆயாவை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் எடுத்தது தேர்தல் கமிஷன். 1993-இல் வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் வந்த பிறகு பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வரிசையில் உட்கார வைத்து எடுத்தாங்க. கண்ணை மூடிக்கினு இருக்கிற அந்தப் படத்தைத்தான் பெரிசு பண்ணி, பொட்டு வெச்சு, செத்த பிறகு சுவரில் மாட்டினோம். எங்க அப்பா அம்மாவுக்கு ஒரு ஸ்டுடியோ படம் உண்டு. தேரடித் தெருவில் எடுத்தது. பின்னால தாஜ்மகால் எழுதின திரைச்சீலை. அப்பா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை. தீபத்துக்கு வந்த கூட்டம் போட்டுட்டுப் போன எச்சில் இலையை நாலு நாள் வாரினதுக்கு அப்புறம், கையில இருந்த காசில் எடுத்தாங்களாம். அவங்க ஜென்மத்தில் ஆக்ராவைப் பார்த்ததில்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்தத் தெரு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

* * *

2023-இல் எங்க உறவு முறையில் ஒரு வீட்டைப் பிரித்துக் கட்டினபோது ஒரு டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. அந்த வீட்டுத் தாத்தா ஒரு போர்டிங்கில் சமையல் வேலை பார்த்தவர். பெட்டியில் பைபிள், ஒரு கத்தி, ரசீதுக் கட்டு, ஆறு படங்கள். படங்களைக் கரையான் ஓரத்தில் தொட்டிருந்தது. பின்பக்கம் பென்சிலில் இங்கிலீஷில் ஊர்ப்பேரு மட்டும். வருஷம் இல்லை.

ஆறில் நாலு, வரிசையில் நிற்கிற பிள்ளைங்க. பாக்கி ரெண்டும் ஒரு தெருவுடையது. ஒண்ணில் பத்துப் பதினைஞ்சு குடிசை, பனையோலை வேய்ந்தது. நடுவுல ஒரு புளியமரம். தூரத்தில் கோபுரங்களும் மலையும். இன்னொண்ணில் ஒரு கிணறு, கிணத்தடியில் பெண்கள், பக்கத்தில் ஒரு பெரிய பாறை.

எங்க தெரு இப்போ ஏரிக்கரையில் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து பெரியவங்க சொல்வாங்க: "நாம இங்க பொறந்தவங்க இல்லடா. டவுனாண்ட இருந்தோம். எய்ந்து போங்கன்னாங்க, வந்தோம்." நாங்க கேட்டுக்கினு கம்முனு இருப்போம். பெரியவங்க எதுக்கும் ஒரு பழைய பெருமை சொல்றதுதானே என்று நினைப்பு. அதுக்கு ஒரு காயிதம் கிடையாது. ஏரி புறம்போக்கில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் பி-மெமோதான் காயிதம். 2007-இல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு பயம். "நீங்க ஏரியை ஆக்கிரமிச்சவங்க" என்று நோட்டீஸ் சொல்கிறது. நாங்க வந்தோமா, வெச்சாங்களா என்பது நோட்டீஸுக்குத் தேவை இல்லாத விஷயம். எங்களுக்கு அது மட்டும்தான் விஷயம்.

அதனால இந்த ரெண்டு படத்தையும் எங்கே எடுத்தாங்க என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று கிளம்பினோம். தெருவில் காலேஜ் படிக்கிற ரெண்டு பேர் கூட வந்தாங்க. ஒரு பெண், கணக்கு படிக்கிறவள். ஒரு பையன், வரலாறு.

* * *

திருவண்ணாமலையில் இடம் கண்டுபிடிக்கிறது மத்த ஊரைவிட லேசு. மலையும் கோபுரமும் நகராது. கோயிலின் வெளி மதிலில் நாலு பெரிய கோபுரம். கிழக்கே ராஜகோபுரம் 217 அடி. வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் 171. தெற்கே திருமஞ்சன கோபுரம் 157. மேற்கே பேகோபுரம் 144. நாலும் நாலு உசரம். எது எதுக்கு இடது பக்கம், எது எதை மறைக்குது, எது பெரிசா தெரியுது என்று பார்த்தால் கேமராக்காரன் எந்தத் திசையில் நின்றான் என்று தெரிந்துவிடும். மலையும் அப்படித்தான். கிரிவலம் 14 கிலோமீட்டர் சுத்துறவங்களுக்குத் தெரியும், ஒரு இடத்துல ஒரே உச்சியா தெரியும், இன்னொரு இடத்துல ரெண்டாகும், மூணாகும், அஞ்சாகும். பக்தனுக்கு அது சிவனுடைய முகம். எங்களுக்கு அது திசைகாட்டி.

குடிசைப் படத்தில் முதல் சிக்கல் வந்தது. உசரமான கோபுரம் வலது பக்கம் இருந்தது. அதைவிடச் சின்னது இடது பக்கம். ராஜகோபுரம் வலதும் அம்மணி அம்மன் கோபுரம் இடதும் தெரியணும்னா தெற்கே நின்று பார்க்கணும். தெற்கே நின்றால் தெற்குக் கோபுரம்தான் எல்லாத்துக்கும் கிட்ட, முன்னாடி, பெரிசா நிக்கணும். படத்தில் அது இல்லவே இல்லை. ரெண்டு நாள் இதிலேயே போச்சு. மூணாவது நாள் அந்தப் பெண்தான் சொன்னாள், "அண்ணே, இதுல எல்லா பொம்பளைங்களும் முந்தானைய வலது தோள்ல போட்டிருக்காங்க பாருங்க" என்று. எங்க பக்கத்தில் முந்தானை இடது தோளில்தான். ஒருத்தி மாத்திப் போடலாம், ஒம்போது பேரும் போடுவாங்களா? கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். படம் இடம் வலமாக மாறிக் கிடக்கிறது. செல்போனில் எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். முந்தானை இடது தோளுக்கு வந்தது. ராஜகோபுரம் இடது பக்கம் போனது. மலை வலது பக்கம் வந்து, சரிவு ஒழுங்காக இறங்கியது. நடுவுல சின்னதாக ஒரு முனை, அது பேகோபுரம். தெற்குக் கோபுரம் மட்டும் காணோம். ஏன்? ராஜகோபுரம் மறைத்துவிட்டது.

இதுதான் முதல் கோடு. தெற்குக் கோபுரத்திலிருந்து ராஜகோபுரம் வழியாக ஒரு நேர்கோடு போட்டு, அதை வடகிழக்குப் பக்கம் நீட்டினால், கேமரா அந்தக் கோட்டின் மேலே எங்கேயோ நின்றிருக்கணும். கோட்டை விட்டு இந்தண்டை அந்தண்டை நகர்ந்தால் தெற்குக் கோபுரம் எட்டிப் பார்க்கும்.

கோட்டின் மேலே எவ்வளவு தூரத்தில்? அதுக்கு உசரக் கணக்கு. 217-ஐ 171-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.27. ரெண்டு கோபுரமும் ஒரே தூரத்தில் இருந்தால் படத்தில் ராஜகோபுரம் 1.27 மடங்கு பெரிசா தெரியும். ஸ்கேல் வைத்து அளந்தோம். ராஜகோபுரம் 35 மில்லிமீட்டர், அம்மணி அம்மன் கோபுரம் 20. அதாவது 1.75 மடங்கு. 1.75-ஐ 1.27-ஆல் வகுத்தால் 1.38. ராஜகோபுரத்துக்கு 100 அடி என்றால் வடக்குக் கோபுரத்துக்கு 138 அடி. ஊர் வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேலே இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற இடத்தைத் தேடினால், ராஜகோபுரத்திலிருந்து சுமார் அரை கிலோமீட்டர், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற பக்கம். பழுதுபட்ட படத்தில் அளந்ததால் நூறடி முன்னே பின்னே ஆகலாம். ஆனால் தெற்கே இல்லை, மேற்கே இல்லை, ஏரிக்கரை இல்லவே இல்லை.

அங்கே போய் நின்றோம். லாட்ஜ், ஓட்டல், ஒரு கல்யாண மண்டபம், செருப்புக் கடை. தெருவிலிருந்து கோபுரமே தெரியாது. ஒரு லாட்ஜ் மொட்டை மாடிக்குப் போகணும் என்றோம். ரூம் எடுத்தா போகலாம் என்றார்கள். ஒரு நாளைக்கு ரூம் எடுத்தோம். எங்க தெரு இருந்த இடத்தைப் பார்க்க வாடகை. மாடியில் ஏறினால் தெற்குக் கோபுரம் ராஜகோபுரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சாண் வெளியே தெரிந்தது. நாலு கட்டடம் வடக்கே தள்ளிப் போனால் மறைஞ்சிடும்.

* * *

கணக்கு எங்களை அந்தக் கோட்டில் கொண்டுபோய் விட்டது. ஆனால் இடத்தைக் காட்டினது கணக்கு இல்லை.

எங்க ஆயாவின் தங்கச்சி, சின்னாயா, எண்பதைத் தாண்டினவங்க. பார்வை கொஞ்சம் மங்கல். படத்தைப் பெரிசு பண்ணி எடுத்துக்கொண்டு போனோம். நாங்க கோபுரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னோம். சின்னாயா கையை ஓங்கினாங்க.

"கோபுரத்த இன்னாத்துக்கு பாக்கற? கோபுரம் எல்லா வூட்டுக்கும்தான் தெரியும். தரையப் பாருடா."

தரையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாங்க. புளியமரத்தில் நின்றது. தாண்டியது. கிணத்துப் படத்தை எடுத்தாங்க. பாறையில் விரல் நின்றது.

"இது கேவுரு அடிக்கிற பாறை. இதும்மேலதான் எங்கம்மா கேவுரு அடிக்கும். இந்த ஓரத்துல வரிசையா குழி இருக்கும், கல் ஒடைக்கறவங்க உளி போட்டு வுட்டுட்டது. அதுல மழத்தண்ணி நிக்கும். நாங்க கால வெச்சு வெளயாடுவோம்."

படத்தில் குழி தெரிந்ததா என்றால், அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை. அவங்க சொன்ன பிறகு பார்த்தால், பாறை ஓரத்தில் தையல் போட்ட மாதிரி ஆறு கறுப்புப் புள்ளி.

நான் கேட்டேன், "ஆயா, இது நம்ம தெருக் கிணறா? தண்ணி மொள்றாங்களே."

சின்னாயா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"தண்ணி மொள்றாங்களா? நல்லா பாரு நைனா. கொடம் எங்க இருக்குது?"

பார்த்தேன். ஏழு பெண்கள். ஏழு மண்குடம். ஏழும் தரையில். கிணத்து மேடைக்குக் கீழே, ஒரு பத்தடி தள்ளி. ஒருத்தி கையிலும் கயிறு இல்லை. மேடை மேலே யாரும் இல்லை. படம் எடுத்தவருக்குக் கிணத்தடியில் பெண்கள் கூடிப் பேசுகிற அழகான காட்சி. சின்னாயா சொன்னது வேறு:

"ஊத்துவாங்கன்னு காத்துக்கினு நிக்கிறாங்க. மேலத் தெருப் பொம்பளைங்க யாராச்சும் வந்து மொண்டா, தாயி ரவ ஊத்துங்கன்னு கேக்கணும். வெயில் ஏறிடும். எங்கம்மா ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு பொழுது நின்னுகீது. இது எங்க கெணறு இல்லடா. ஊருக் கெணறு. ஊரு முடியற எடத்துல கீது. இதுக்கு இந்தண்டதான் நாங்க."

படத்துக்குள் எல்லை எங்கே ஓடுகிறது என்று சின்னாயா காட்டிட்டாங்க. மேடைக்கும் குடத்துக்கும் நடுவுல அந்தப் பத்தடி. அதுதான் ஊருக்கும் சேரிக்கும் நடுவுல ஓடின கோடு. எந்த சர்வேயரும் அதை வரைஞ்சது கிடையாது. ஏழு பொம்பளைங்க குடத்தை வெச்சு வரைஞ்சிருக்காங்க.

சின்னாயாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். அவங்களுக்கு அந்தத் தெருக்களில் ஒண்ணுமே அடையாளம் தெரியவில்லை. "இது எந்த ஊருடா" என்றாங்க. ஒரு ஓட்டலுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், தரையோடு தரையாகப் பாறை ஒண்ணு கிடந்தது. முக்கால்வாசி சிமெண்ட் போட்டு மூடியிருக்கிறார்கள். திறந்து கிடக்கிற ஓரத்தில் உளிக் குழி மூணு. மத்த மூணும் சிமெண்டுக்கு அடியில் இருக்கணும். சின்னாயா குனிஞ்சு ஒரு குழியில் விரலை விட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. பாத்திரம் கழுவின பையன் தண்ணியை நிறுத்திட்டு நகர்ந்துகொண்டான். அவனும் நம்ம பையன்தான்.

"எப்போ எழுப்பிவிட்டாங்க ஆயா?"

"நான் பாவாட கட்டிக்கினு இருந்த வயசு. கட வருது, சந்த வருது, எய்ந்து போங்கன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"எப்பவும் சொல்றவங்கதான்."

* * *

படங்கள், வரைபடத்தில் போட்ட கோடு, அளவுக் கணக்கு, சின்னாயா சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கின காயிதம், பாறையின் இன்றைய படம், எல்லாத்தையும் ஒரு கட்டாக்கி ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். நாங்க ஏரிக்கு வந்தவங்க இல்லை, வைக்கப்பட்டவங்க, அதனால எழுப்புறதா இருந்தால் டவுனுக்கு உள்ளேயே மாற்று மனை கொடுக்கணும் என்று மனு. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கேட்டார், "இதுல சர்வே நம்பர் எங்கங்க இருக்கு?"

சிரிச்சுட்டு வந்துவிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நிலத்தைப் பதிகிற எந்தப் புத்தகத்திலும் நாம ஆளாக இருந்ததில்லை. அடங்கலில் பயிர் இருக்கும், பயிர் வெச்சவன் பேரு இருக்கும், நடவு நட்டவள் பேரு இருக்காது. 1892-இல் பஞ்சமி நிலம் என்று கொடுத்ததே பின்னால் யார் கைக்குப் போச்சு என்று கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நம்பர் இருந்த நிலத்துக்கே அந்தக் கதி. நம்பர் இல்லாத குடிசைக்கு என்ன சாட்சி? தண்ணிக்குக் காத்து நின்ற பொம்பளைங்களும் ஒரு பாறையும்தான்.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனா ஒண்ணு நடந்தது. எங்க தெருப் பசங்க நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது இப்போ 'ஆக்கிரமித்தவர்கள்' என்ற சொல்லை ஏத்துக்கிறதில்லை. 'ஏரிக்கரையில் குடியமர்த்தப்பட்டவர்கள்' என்று எழுதறாங்க. ஒரு சொல்தான் மாறியிருக்கு. வக்கீல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாதாட முடியும் என்கிறார்.

2024 டிசம்பர் 1-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேலே பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் அஞ்சு பேர் பிள்ளைங்க. அதுக்கப்புறம் ஊர் முழுக்கப் பேச்சு, மலையில் எதுக்கு வீடு கட்டினாங்க, ஏரியில் எதுக்குக் கட்டினாங்க என்று. நியாயமான கேள்விதான். மலையும் ஏரியும் காப்பாத்தப்பட வேண்டியதுதான். ஆனா அதே மூச்சில் இன்னொரு கேள்வியையும் கேக்கணும். தரை நல்லா இருக்கிற இடத்திலிருந்து யார் யார் போகச் சொல்லப்பட்டாங்க, அங்கே இப்போ என்ன இருக்கு? ஏரிக்கரைக் குடிசையை மட்டும் இன்றைய படத்தில் பார்த்தால் அவன் ஆக்கிரமிப்பாளன். எழுபது வருஷத்துக்கு முந்தின படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேற. அதே 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனை விலை ஏற ஏற, இந்தக் கேள்வியைக் கேட்கிற குரல் இறங்கும்.

* * *

இந்த இதழைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன்.

உங்க ஊர் மிஷன் போர்டிங், பழைய ஸ்டுடியோ, ஓய்வு பெற்ற வாத்தியார் வீடு, சர்ச் அலமாரி, சமையல்காரர் டிரங்குப் பெட்டி, எல்லாவற்றையும் கேளுங்க. இணையத்தில் இருக்கிற வெளிநாட்டுச் சேமிப்புகளில் உங்க ஊர்ப் பேரை எத்தனை விதமாக வெள்ளைக்காரன் எழுதியிருப்பானோ அத்தனை விதமாகவும் தேடுங்க. கிடைத்தால் முதலில் முந்தானை எந்தத் தோள் என்று பாருங்க. அப்புறம் கோபுரம், மலை, ஏரிக்கரை, எது நகராதோ அதை வைத்துத் திசை பிடியுங்க. கணக்குத் தெரிந்த பிள்ளையைக் கூட வெச்சுக்குங்க.

அதுக்கப்புறம் படத்தைச் சேரிக்கு எடுத்துக்கொண்டு போங்க. எண்பது வயசுப் பொம்பளைங்க கையில் கொடுங்க. ஆம்பளைங்க கோபுரத்தையும் தேரையும் சொல்வாங்க. தண்ணி எங்கிருந்து வந்தது, செருப்பை எங்கே கழட்டினது, எந்த மரத்துக்கு அப்பால் போகக் கூடாது என்பது பொம்பளைங்களுக்குத்தான் தெரியும். அவங்க சொல்ற பேச்சிலேயே எழுதுங்க. திருத்தாதீங்க. 'ஊத்துவாங்கன்னு காத்துக்கினு நிக்கிறாங்க' என்பதை 'நீருக்காகக் காத்திருக்கும் பெண்கள்' என்று மாற்றினால் அந்தப் பத்தடி காணாமல் போயிடும்.

சின்னாயா கிணத்துப் படத்தில் ஏழு பேரில் மூணு பேரை அடையாளம் சொன்னாங்க. ஒண்ணு அவங்க அம்மா. இன்னொண்ணு பிரசவத்தில் செத்த அத்தை. மூணாவது, ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத குடும்பத்துப் பெண். பாக்கி நாலு பேருக்குப் பேர் தெரியலை. மூணு பேரையும் படத்துக்குப் பின்னால், அந்த இங்கிலீஷ் ஊர்ப்பேருக்குக் கீழே, தமிழில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். நாலு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம். ஏரிக்கரையில் இன்னும் ரெண்டு கிழவிகள் இருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்ககிட்டப் போகணும்.